பதுமனாருக்குக் கனடா தெரியாது

முத்தையன்கட்டு, இடதுகரை
தை மாதக் கடைசி

அன்பின் மச்சான்,

உன் குரல் பதிவு வந்து பதினொரு நாளாகிறது. ஆறு நிமிடம் நீ கதைத்ததற்கு இரண்டு வரியில் பதில் தட்டிவிட மனம் வரவில்லை. போனில் பெருவிரலால் எழுதுகிற வித்தை எனக்கு இன்னும் படியவில்லை. அதனால் கொப்பியில் எழுதுகிறேன். மகள் படமெடுத்து அனுப்புவாள். எழுத்து விளங்காவிட்டால் குறை என் கையில் பாதி, உன் கண்ணாடியில் பாதி.

ஊர்ப்புதினத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த முறை மழை பிழையில்லை. குளம் கார்த்திகையிலேயே நிரம்பி வான் பாய்ந்தது. காலபோகம் நாலு ஏக்கர் விதைத்தேன். கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. இன்னும் மூன்று கிழமையில் வெட்டலாம், யானை விட்டால். மார்கழியில் ஒரு தனியன் வந்து பின்பக்க வேலியை மடக்கிவிட்டு, கால் ஏக்கரை உழக்கிப் போனது. தின்றது கொஞ்சம், மிதித்ததுதான் கூட. யானைவெடி கேட்டுப் போனேன். முடிந்துவிட்டது, அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள். அதை யானைக்கு யார் போய்ச் சொல்வது? சின்னவன் வவுனியாவில் வேலை எடுத்துவிட்டான், கிழமை முடிவில் வருவான். உன் அக்கா வீட்டுக் கிணறு இறைத்து முடிந்தது, தண்ணீர் நல்லாக ஊறுகிறது. என் முழங்கால் நோ அப்படியே. சரி, புதினம் இவ்வளவுதான்.

இனி உன் கேள்வி. அங்கே கனடாவில் ஒரு ஒன்றுகூடலில் ஒரு பெண்பிள்ளை குறுந்தொகையின் ஆறாம் பாட்டை மெட்டுப் போட்டுப் பாடினாளாம். நீ பாதியில் எழும்பி வெளியே வந்து, காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு முக்கால் மணித்தியாலம் இருந்தாயாம். மகன் வந்து கண்ணாடியில் தட்டி, "அது நித்திரை வராத பாட்டுத்தானே அப்பா, காதல் பாட்டு" என்றானாம். காதல் பாட்டுக்கு நான் ஏன் மச்சான் அழவேணும், ஏ.எல். வகுப்பில் மாஸ்டர் இதற்கு என்ன கருத்துச் சொன்னவர் என்று கேட்டிருந்தாய்.

மகன் சொன்னது பிழையில்லை. பதுமனார் பாடினது, நெய்தல் திணை. கல்யாணத்துக்கு நாள் வைத்துவிட்டுப் பொருள் தேடப் போன ஒருவனை நினைத்து, தலைவி தோழிக்குச் சொல்கிறாள். நாலே நாலு வரி:

நள்ளென்றன்றே யாமம், சொல் அவிந்து
இனிது அடங்கினரே மாக்கள், முனிவு இன்று
நனந்தலை உலகமும் துஞ்சும்;
ஓர் யான் மன்ற துஞ்சாதேனே.

நடுச்சாமம் நள்ளென்று ஒலிக்கிறது. சனம் பேச்சு அவிந்து இனிதாக அடங்கிவிட்டது. வெறுப்பு ஒன்றுமில்லாமல் இந்த அகன்ற உலகமும் தூங்குகிறது. நான் ஒருத்தி மட்டும், சத்தியமாக, தூங்கவில்லை. பொருள் அவ்வளவுதான். உ.வே.சா. 1937இல் பதிப்பித்த புத்தகத்தைத்தான் மாஸ்டர் மேசையில் வைத்துக்கொண்டு நடத்தினார். நீல மட்டை போட்டிருந்தார், ஞாபகமிருக்கா?

மாஸ்டருக்கு இந்தப் பாட்டில் "மாக்கள்" என்ற சொல்லில்தான் கண். "மக்கள் என்று சொல்லவில்லை பிள்ளைகள், மாக்கள்! மாவும் மாக்களும் ஐயறிவினவே என்கிறார் தொல்காப்பியர். தன் துன்பம் தெரியாமல் தூங்குகிற ஊரை மாடு என்று ஏசுகிறாள்" என்று மேசையில் அடித்தார். நீ கடைசி வாங்கில் இருந்து "ம்மா" என்று கத்தி வெளியே போனாய். அதற்குப் பிறகு அவர் சொன்ன விளக்கம் உனக்குத் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

மாஸ்டரில் எனக்கு எவ்வளவோ மரியாதை. ஆனால் இந்த இடத்தில் அவர் பிழை என்றுதான் இப்போது நினைக்கிறேன். மணிமேகலையில் "ஆற்றா மாக்கள் அரும்பசி களைவோர்" என்று வருகிறது. பசி பொறுக்க முடியாத ஏழைச் சனத்தைச் சாத்தனார் மாடு என்று ஏசவா போகிறார்? மாக்கள் என்றால் சனம், அவ்வளவுதான். இவள் ஊரை ஏசவில்லை. ஏசுகிறவள் "இனிது" என்று ஒரு சொல்லைப் பக்கத்தில் வைப்பாளா? "முனிவு இன்று" என்று சொல்லுவாளா?

ஏசுகிற பாட்டு வேறு. அதே குறுந்தொகையில் இருபத்தெட்டாவது, ஔவையாருடையது. முட்டுவேனா, தாக்குவேனா, ஆ ஒல் என்று கூவுவேனா, என் நோய் தெரியாமல் தூங்குகிற இந்த ஊரை என்ன செய்வேன் என்று கேட்கிறாள். அந்தப் பாட்டில் தலையைக் கொண்டுபோய் முட்ட ஒரு சுவர் இருக்கிறது, ஊர்தான் சுவர். பதுமனாருடைய தலைவிக்கு அந்தச் சுவரும் இல்லை. ஊர் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. யாரும் அவளை விலக்கவில்லை. எல்லாரும் நல்லபடி படுத்துவிட்டார்கள், அவள் மட்டும் வெளியே நிற்கிறாள். கோபிக்க ஓர் ஆள் இருந்தாலாவது ஒரு துணை, இல்லையா?

இதை நான் புத்தகத்தில் இருந்து சொல்லவில்லை. கொட்டிலில் இருந்து சொல்கிறேன்.

காவற்கொட்டில் உனக்குத் தெரியும், உன் அப்பு கட்டினதுபோலத்தான். நாலு முதிரைக் கப்பு, மேலே கிடுகு, அதற்கு மேலே ஒரு பழைய தறப்பாள். கீழே ஒரு வீரைக்கட்டை புகைந்துகொண்டு கிடக்கும், நுளம்புக்கும் குளிருக்கும். தகரப் பீப்பா ஒன்று, அதை அடிக்க ஒரு கம்பி. ஃபிளாஸ்கில் பிளேன்ரீ. டோர்ச். பத்துமணிவரைக்கும் ஊர்ச் சத்தம் கேட்கும். யாரோ ஒருவனின் மோட்டார் சைக்கிள், கோயிலடி ஸ்பீக்கர், பிள்ளைகளை ஏசுகிற சத்தம், நாய். பிறகு ஒவ்வொன்றாக நிற்கும். "சொல் அவிந்து" என்றால் என்ன என்று எனக்கு அங்கேதான் விளங்கியது. நாங்கள் கிழங்கு அவிக்கிறோம், புழுக்கத்தில் அவியுது என்கிறோம். விளக்கு அவிகிறதை மறந்துபோனோம். கொட்டிலில் இருந்து பார்த்தால் வீடுகளின் பேச்சும் வெளிச்சமும் ஒன்றாகத்தான் அவியும். பல்ப் அணையும், அந்த வீட்டுக் கதையும் அதோடு நிற்கும்.

எல்லாம் நின்ற பிறகு வருகிறது அந்த "நள்". அது அமைதி இல்லை மச்சான், ஒரு சத்தம். பூச்சியும் தவளையும் காற்றும் சேர்ந்து, காதுக்குள்ளேயே இரைகிற ஒன்று. நடுவில் ஆட்காட்டி ஒருமுறை கத்திவிட்டுப் பறக்கும். அப்போது நெஞ்சு பக்கென்னும்.

இன்னொன்றும் கவனித்தேன். வாய்விட்டுச் சொல்லிப் பார். முதல் இரண்டு வரியிலும் நாலு நாலு சீர். மூன்றாவது வரி "நனந்தலை உலகமும் துஞ்சும்", மூன்று சீர்தான். நேரிசை ஆசிரியப்பாவுக்குக் கடைசிக்கு முதல் வரி அப்படித்தான் வரவேண்டும், அது இலக்கணம். ஆனால் இந்தப் பாட்டில் அந்த ஒரு சீர் குறைகிற இடத்தில், உலகம் தூங்கிப்போன பிறகு ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகுதான் "ஓர் யான்". நாங்கள் இன்றைக்கு "ஒரு நான்" என்று சொல்வதில்லை. அவள் சொல்கிறாள். இருட்டில் ஆட்களை எண்ணிப் பார்க்கிறாள், ஒன்று என்று வருகிறது, அந்த ஒன்று தானாகவே இருக்கிறது. "மன்ற" என்பது தேற்றச் சொல். திரும்பவும் எண்ணிப் பார்த்தேன், கணக்குச் சரி என்கிற மாதிரி.

(இதையெல்லாம் பெரிய யோசனையாக யோசித்துக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் பின்வேலிப் பக்கம் தடி முறிகிற சத்தம். டோர்ச்சை அடித்தால் அந்தத் தனியன். ஓர் யான் என்று இருந்தவனுக்கு ஓர் யானை. பீப்பாவை அடித்து, கத்தி, கொள்ளிக்கட்டையைத் தூக்கி வீசி, அது அவசரமே இல்லாமல் திரும்பிக் காட்டுக்குள் போனது. கூட்டத்தில் இருந்து விலகின கிழவன். அதற்கும் நித்திரை இல்லை.)

சரி, நீ ஏன் அழுதாய் என்ற கேள்விக்கு வருகிறேன். உனக்காகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, நான் என்னைச் சொல்கிறேன்.

சண்டைக் காலம் முழுக்க இந்தப் பாட்டு எனக்கு ஒருநாளும் ஞாபகம் வரவில்லை. 2009 மாசி, பங்குனியில் பங்கருக்குள் நாங்கள் பதினொரு பேர். ஷெல் கூவுகிறபோது பதினொரு பேரும் முழிப்பு. பக்கத்துப் பங்கரும் முழிப்பு. கரையெல்லாம் முழிப்பு. அங்கே "ஓர் யான்" என்று சொல்ல இடமே இல்லை. பயம் இருந்தது, பசி இருந்தது, தனிமை இருக்கவில்லை. பிறகு செட்டிகுளம் முகாம். வவுனியா முகாம்கள் எல்லாவற்றிலுமாக இரண்டரை லட்சத்துக்கு மேல் சனம். எங்கள் கூடாரத்துக்கும் அடுத்த கூடாரத்துக்கும் நடுவில் ஒரு துணி. அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் புரண்டு படுப்போம். அங்கேயும் சொல் அவியவில்லை, இரவிரவாக யாராவது யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பாட்டு வந்தது அதற்குப் பிறகு. திரும்பி வந்து, காணி துப்புரவாக்கி, வீட்டுத்திட்டத்தில் இரண்டு அறை கட்டி, கரண்ட் வந்து, முதல் காலபோகம் வெட்டி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கின பிறகு. ஒருநாள் இரவு எழும்பினேன். மனுசி நித்திரை. பிள்ளைகள் நித்திரை. மின்விசிறி சுற்றுகிறது. ஊர் முழுக்க நித்திரை. எத்தனை வருசமாக இதற்குத்தானே நேர்ந்தோம்! வற்றாப்பளை அம்மனிடம் இதைத்தானே கேட்டோம்! நான் மட்டும் தூணில் சாய்ந்துகொண்டு நின்றேன். அந்த நேரம்தான் நாற்பது வருசத்துக்கு முதல் படித்த நாலு வரி வாய்க்குள் தானாக வந்தது.

எல்லாரும் முழித்திருக்கிற காலத்தில் முழிப்பு ஒரு பாரமில்லை. மற்றவர்களுக்கு நித்திரை வரத் தொடங்கிற அன்றைக்குத்தான் அது உன் தலையில் மட்டும் வந்து இறங்குகிறது. அவர்களை எழுப்பவும் முடியாது. எழுப்பக் கூடாது. மகளை எழுப்பி என்ன சொல்ல? இப்போது பெடியங்கள் டிக்டொக் பார்த்துச் சிரிக்கிறார்கள், எனக்கு அதில் கோபம் இல்லை. சிரிக்கட்டும். அந்த "முனிவு இன்று" உலகத்துக்கு மட்டுமில்லை, பார்த்துக்கொண்டு நிற்கிறவளுக்கும் சேர்த்துத்தான் என்று எனக்குப் படுகிறது. உரைகாரர் அப்படிச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன்.

இன்னொன்று சொல்லவா, வேண்டாமா என்று இரண்டு இரவாக யோசித்தேன். துஞ்சுதல் என்றால் தூங்குவது மட்டுமில்லை, உனக்கும் தெரியும். புறநானூற்றில் "குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்", "இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன்" என்று படித்தோமே, அந்தத் துஞ்சுதல். இறந்தவரைத் தூங்கினவர் என்று சொல்கிற நாகரிகம். இப்போது அந்த மூன்றாம் வரியையும் நாலாம் வரியையும் திரும்பப் படி. பதுமனார் இதை நினைத்திருக்க மாட்டார், பாட்டில் இது இல்லை, மாஸ்டர் இருந்தால் பிரம்பை எடுத்திருப்பார். ஆனால் பதினொரு பேர் இறங்கின பங்கரில் இருந்து ஏழு பேராக ஏறினவனுக்கு "துஞ்சாதேனே" வேறு மாதிரித்தான் கேட்கும். அந்த நேரம் நீ அங்கே ரேடியோவையும் போனையும் பிடித்துக்கொண்டு இருந்தாய். உனக்கும் அது கொஞ்சம் கேட்டிருக்கும். காருக்குள் முக்கால் மணித்தியாலம் இருந்ததற்கு எனக்குத் தெரிந்த காரணம் அதுதான். பிழை என்றால் ஏசு.

நீ "அந்நியமாதல்" என்ற சொல்லைப் பாவித்திருந்தாய். அந்தச் சொல்லைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. நாங்கள் மீசை முளைக்கிற காலத்தில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு விமர்சனக் கட்டுரை உண்டா? தொழிலாளி தான் செய்த பொருளுக்கே அந்நியனாகிறான் என்று மார்க்ஸ் 1844இல் எழுதினதை, ஒரு ஃபாக்டரியையும் கண்ணால் காணாமல் வாசிகசாலை வாங்கில் இருந்து நீ எனக்கு விளங்கப்படுத்தினாய். இப்போது நீ முப்பது வருசமாக யாருக்குப் போகிறதென்று தெரியாத பெட்டிகளை ஒட்டுகிறாய். நான் காவல் காக்கிற நெல்லில் நாலு மூட்டையாவது என் வீட்டுப் பானைக்கு வருகிறது. மார்க்ஸின் கணக்கில் நான் உன்னைவிடப் பணக்காரன். ஆனால் இந்தப் பாட்டை அந்தச் சொல்லுக்குள் அடக்கப் பார்க்காதே, அடங்காது. இது உழைப்பைப் பற்றினது இல்லை, நடுச்சாமத்தைப் பற்றினது.

பதுமனாரை ஒரு இடத்தில் மட்டும் நான் பிடிப்பேன். "நனந்தலை உலகமும் துஞ்சும்" என்கிறார். அவருக்குக் கனடா தெரியாது. எனக்கு இரவு ஒரு மணி என்றால் உனக்கு முதல்நாள் பின்னேரம் இரண்டரை. உலகம் துஞ்சுகிறது என்று நான் கொட்டிலில் இருந்து பெருமூச்சு விடுகிற நேரம் நீ சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டு இருக்கிறாய். நீ முழித்துக் கிடக்கிற உன் நடுச்சாமத்தில் நான் வரம்பில் நிற்கிறேன், காலை பத்தரை. ஆக, இரண்டு பேரும் சொல்கிற "ஓர் யான்" பொய்.

அவளுடையதும் அப்படித்தான், யோசித்துப் பார். அவள் இந்தப் பாட்டைச் சொல்கிறது தோழிக்கு. தோழி கேட்கிறாள் என்றால் தோழியும் தூங்கவில்லை. நான் மட்டும்தான் முழிப்பு என்று, பக்கத்தில் முழித்திருக்கிற ஒருத்தியிடம் சொல்கிறாள். மாஸ்டர் இதைச் சொல்லித் தரவில்லை. இரண்டு கிழமைக்கு முதல் எனக்கு நடந்த ஒரு சின்ன விசயத்தால்தான் பிடிபட்டது.

கொட்டிலில் இருந்து பார்த்தால் ஊரில் ஒரே ஒரு லைட் மட்டும் விடியும்வரை எரியும். வாய்க்கால் கரையோரம், கொட்டன் புளியமரத்துக்குப் பக்கத்து வீடு. அந்த அக்காவை உனக்குத் தெரியும், பெயர் எழுதவில்லை. இளையவனை 2009 வைகாசியில் வட்டுவாகலில் ஆமியிடம் கையால் பிடித்துக் கொடுத்தவ. 2017 மாசி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் பந்தல் போட்டு இருந்தார்களே, அன்றைக்கு முதல் பஸ்ஸில் போனவர்களில் ஒருவ. இப்போது நடக்க ஏலாது, போவதில்லை. லைட்டை மட்டும் அணைப்பதில்லை. மகன் வந்தால் வீடு தெரியவேணும் என்று ஊரில் கதைப்பார்கள். அவ ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நான் இவ்வளவு காலமும் அந்த லைட்டை அவவின் சோகம் என்று தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதோ படம் பார்க்கிற மாதிரி.

அன்றைக்கு விடிய, பால் எடுக்கப் போகிற வழியில் படலையடியில் நின்று கூப்பிட்டா.

"தம்பி, ராத்திரி மூன்று தரம் லைட் அடிச்சனீ. யானையோ?"

"இரண்டு தரம் பன்றி அக்கா. ஒருக்கா சும்மா."

"ம்ம். அந்தச் சும்மா அடிச்சது நாலு மணி இருக்கும். நான் தேத்தண்ணி வைக்க எழும்பினனான்" என்றுவிட்டு, வேலிக் கிளுவையை முறித்து ஆட்டுக்குப் போடத் தொடங்கினா. அவ்வளவுதான் கதை.

அதற்குப் பிறகு சும்மா அடிக்கிறதைக் கொஞ்சம் கவனமாக அடிக்கிறேன்.

பற்றரி முடியப் போகிறது, நாளைக்கு ஒட்டுசுட்டானுக்குப் போய் நாலு வாங்கவேணும். வெட்டு மெஷினுக்கும் சொல்லவேணும், இந்த முறை ஏக்கருக்கு என்ன கேட்பார்களோ. நெல் விலை உனக்குப் பிறகு எழுதுகிறேன், எழுதினால் உனக்குக் கோபம் வரும். அந்தப் பிள்ளை பாடினதை யாராவது பதிவு செய்திருந்தால் அனுப்பு, மூன்றாம் வரியில் எந்த இடத்தில் மூச்சு விடுகிறாள் என்று கேட்க ஆசை. மகனிடம் சொல்லு, அது காதல் பாட்டுத்தான், அவன் சொன்னது சரி.

மாசி நடுப்பகுதிவரை நான் கொட்டிலில்தான். பீப்பாப் பக்கம் சிக்னல் இல்லை, புகைக்கட்டைப் பக்கம் இரண்டு கோடு காட்டும். உன் இரண்டரை மணி இடைவேளைக்குக் குரல் பதிவு அனுப்பாதே, நேரே எடு.

உன்
பழைய வாங்குக்காரன்